அச்சுவேலி வகுப்பும் என் பிரவுண் பெல்ட்டும்

யூலை 4, வெள்ளி

சோளகக் காற்று. கொடியில் காயப்போட்ட வெள்ளைக் கராத்தே உடுப்பு பறந்து போய்ப் பக்கத்து வளவு முருங்கையில் தொங்கியது. மதில் ஏறி எடுத்தேன். அம்மா அதைக் காணவில்லை, நல்ல காலம்.

நான் இரத்தம் எடுக்கிற லாப்பில் விடியவே சனம். சீனி பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் என்னில்தான் கோபம். ஊசி வைத்திருக்கிறவளோடு கோபிக்கக் கூடாது என்பது ஏன் இவர்களுக்குத் தெரிவதில்லை?

பின்னேரம் நெல்லியடியில் கராத்தே. முடிந்து மண்டபம் கூட்டிக்கொண்டு நின்றபோது மாஸ்டர் கூப்பிட்டார். அச்சுவேலியில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளை நாளையிலிருந்து நான்தான் பார்க்க வேண்டுமாம். அவருக்குச் சனி, ஞாயிறு வேலை போட்டுவிட்டார்கள். வகுப்பில் கத்துகிற அதே குரலில் "ஓம் மாஸ்டர்" என்று கத்திவிட்டேன். யோசனை பிறகுதான் வந்தது, அதுவும் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிற்பாட்டிய பிறகு.

நான் இன்னும் பிரவுண் பெல்ட். கறுப்பு பெல்ட்டுக்கான கிரேடிங் ஓகஸ்ட் கடைசியில். பரீட்சை எழுதப் போகிறவளிடம் வகுப்பைக் கொடுக்கலாமா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு கதை தொடங்கும். இரண்டு வருடத்துக்கு முன் சண்டைப் பயிற்சியில் என் சுண்டு விரல் முறிந்தது. ஊசி போடுகிற கை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கறுப்பு பெல்ட் எடுத்தவுடன் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். எனக்கு அது அம்மாவின் அழுகையை நிற்பாட்டச் சொன்ன பேச்சு. அம்மாவுக்கு அது ஒப்பந்தம். ஒவ்வொரு பெல்ட் மாறும்போதும், "இன்னும் எத்தினை கிடக்கு?" என்று கேட்பார். இப்போது ஒன்றுதான் கிடக்கிறது.


யூலை 5, சனி

வல்லை வெளியில் காற்று ஸ்கூட்டியோடு சேர்த்து என்னையும் கடலுக்குள் தள்ளப் பார்த்தது. அச்சுவேலிக்குப் போய்ச் சேரும்போது தலைமயிர் ஒரு பக்கமாகவே நின்றது. ரீச்சருக்குரிய தோற்றம் இல்லை.

சனசமூக நிலைய மண்டபம். முன் அறையில் பேப்பர் வாசிக்கிற ஐயா ஒருவர். உள்ளே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் பழக்க தோஷத்தில் நேரே போய் வரிசையின் வலப்பக்க முனையில், மூத்த பெல்ட் நிற்கிற இடத்தில் நின்றுவிட்டேன். எல்லோரும் சேர்ந்து வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றோம். ஒருவரும் வரவில்லை. வர வேண்டிய ஆள் நான்தான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முன்னால் போய்த் திரும்பி நின்றேன். எல்லோரும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். எனக்கு! பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

என்னைக் கூப்பிட்ட விதங்கள்: அக்கா, மிஸ், ரீச்சர், மாஸ்டர் அக்கா. ஒரு பொடியன் சேர் என்றான். எது சரி என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன். முதல் நாள் முதல் கேள்விக்கே தெரியாது.

குத்தும்போது வயிற்றிலிருந்து சத்தம் போடச் சொல்லிக் கொடுத்தேன். அபிசா என்று ஒரு பிள்ளை, ஒன்பது வயது இருக்கும். அவளுடைய சத்தம் விக்கல் மாதிரி. ஒவ்வொரு விக்கலுக்கும் எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அம்மாவிடம் கிரேடிங்குக்கு மேலதிகப் பயிற்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழுப் பொய் இல்லை. அரைவாசி.


யூலை 6, ஞாயிறு

இன்று முதல் கட்டா தொடங்கினேன். அடிக்க ஆள் எங்கே என்று அபிசா கேட்டாள். ஆள் இல்லை, இருப்பதாக நினைத்துக்கொண்டு தடுப்பதும் குத்துவதும் திரும்புவதும், ஒழுங்கு மாறக் கூடாது, அதுதான் கட்டா என்றேன். இல்லாத ஆளுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்றாள். நல்ல கேள்வி.  தொடங்கு என்றேன்.

முதல் அசைவு இடப்பக்கம் திரும்பித் தடுப்பது. பிள்ளைகளைப் பார்த்தபடி நின்று, "இடம்" என்று சொல்லித் திரும்பிக் காட்டினேன். எல்லோரும் என்னோடு ஒரே வீச்சில் திரும்பினார்கள். எவ்வளவு கெட்டித்தனம்! ஸ்கூட்டியில் வரும்போது பாட்டு வந்தது. எனக்குப் படிப்பிக்க வரும் போல.


யூலை 13, ஞாயிறு

படிப்பிக்க வராது.

மாஸ்டர் வேலைக்கு நடுவில் அச்சுவேலிக்கு வந்து எட்டிப் பார்த்தார். நான் பெருமையாக முதல் கட்டாவைச் செய்யச் சொன்னேன். முழு வகுப்பும் வலப்பக்கம் திரும்பியது. ஒரு பிள்ளை தவறாமல். அவர்களுக்குக் கதவுப் பக்கம் வலம், யன்னல் பக்கம் இடம். நான் அவர்களைப் பார்த்து நிற்கிறேன், என் இடம் கதவு. நான் கதவுப் பக்கம் திரும்ப, அவர்களும் கதவுப் பக்கம். ஒரு கிழமையாக ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கராத்தேயைத் தலைகீழாகப் படிப்பித்திருக்கிறேன்.

மாஸ்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. கட்டா முடியும் மட்டும் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"நீர் அவையைப் பாத்து நிண்டால் உம்மடை வலம்தான் அவையின்ரை இடம். வாயாலை இடம் எண்டு சொல்லும், உடம்பாலை வலம் போம். எல்லாத்தையும் மாத்திச் செய்ய வேணும். முதல் முதல் படிப்பிக்கிற எல்லாரும் விடுற பிழைதான்."

அவரும் விட்டவரா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் போய்விட்டார்.

பிள்ளைகளிடம் போய், இனி யன்னல் பக்கம் திரும்ப வேண்டும் என்றேன். நீங்கள் கதவுப் பக்கம்தானே திரும்பினீர்கள் என்று அபிசா கேட்டாள். என் பிழை என்றேன். எல்லோரும் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள். பெரிய ஆட்களும் பிழை விடுவார்கள் என்று யாரும் இதுகளுக்குச் சொல்லவில்லை போல.


யூலை 16, புதன்

காலை வளவில் கண்ணாடிக் கட்டா. (நான் வைத்த பேர். கண்ணாடிக்குள் இருக்கிறவள் செய்கிற மாதிரி எல்லாம் மறு பக்கம்.) வாய் இடம், உடம்பு வலம். தடுப்பு மறு கை. குத்து மறு கை. முதலில் மூளை கொதித்தது.

இடையில் கோழி வந்து குறுக்கே நின்றது. அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். பொறாமையாக இருந்தது.

லாப்பில் ஒரு ஆசிரியர் இரத்தம் கொடுக்க வந்தார். "இடது கையை நீட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டே அவருடைய வலது கையில் ரப்பர் பட்டியைக் கட்டினேன். அவர் இடது கையையும் நீட்டினார். இரண்டு கையும் நீட்டியபடி அந்த மனிசன் இருந்த இருப்பு. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

செய்ய வேண்டியவை: நகம் வெட்ட. சண்டைப் பயிற்சிக் கையுறை தைக்க. அம்மாவுக்கு அச்சுவேலி விசயம் சொல்ல. (நாளை.)


யூலை 26, சனி

இன்று அபிசாவின் விக்கல் உடைந்தது. குத்தினாள், சத்தம் போட்டாள், முன் அறையில் ஐயாவின் பேப்பர் கீழே விழுந்தது. அவர் வந்து எட்டிப் பார்த்து, ஆர் கத்தினது என்று கேட்டார்.  அபிசாவுக்கே அது தன்னுடைய சத்தம் என்று நம்பிக்கை வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஏன் கண் கலங்கியது? நான் பிரவுண் பெல்ட் கட்டிய நாளில்கூட இப்படி இல்லை. அந்தப் பிள்ளை கத்தியதில் எனக்கு என்ன வந்தது? சொந்தக் கிரேடிங்குக்குப் பயிற்சி செய்கிற நேரத்தில்கூட இதுகளின் கால் எங்கே பிழைக்கிறது என்றுதான் யோசிக்கிறேன். இது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

கண்ணாடிக் கட்டா இப்போது தண்ணி பட்ட பாடு. யோசிக்காமலே வருகிறது. பிள்ளைகளும் இப்போது யன்னல் பக்கம்.


ஓகஸ்ட் 9, சனி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அபிசாவின் தாய் நேற்று லாப்புக்கு வந்து, ரீச்சர் என்று என்னைத் தேடியிருக்கிறார். என் நல்ல காலத்துக்கு அம்மா அன்றுதான் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்து வாசலில் நின்றார். என்ன ரீச்சர், எந்த ரீச்சர் என்று விசாரணை.  வீட்டில் புட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"படிக்கிறதை விடுறன் எண்டு சொன்னனீ. இப்ப படிப்பிக்கவும் தொடங்கிட்டாய். இது குறையிற மாதிரித் தெரியேல்லை."

கிரேடிங் முடிய எல்லாம் முடியும் என்று சொன்னேன். அப்ப அந்தப் பிள்ளைகள் என்றார். மாஸ்டர் வேறு ஆள் பார்ப்பார் என்றேன். ஆர் என்றார். தெரியாது என்றேன். இந்த ஒரு மாதத்தில் நான் அதிகமாகச் சொன்ன சொல் இதுதான்.

பெல்ட் வேண்டும். எட்டு வருடமாக வேண்டும். ஆனால் கிடைத்த அடுத்த கிழமை சனிக்கிழமை நான் என்ன செய்வேன்? நினைத்துப் பார்த்தேன். உடுப்புத் தோய்ப்பேன், சந்தைக்குப் போவேன். மண்டபத்தில் அதுகள் சுவரைப் பார்த்து நிற்கும்.  வென்றால் விட வேண்டும், தோற்றால் தொடரலாம் என்று ஒரு கணக்கை யார் போட்டது? நான்தான் போட்டேன்.


ஓகஸ்ட் 24, ஞாயிறு

மழை வரும் போல வந்து போனது. கால் பெருவிரல் நோவு.

கறுப்பு பெல்ட்டுக்குப் போகிற எங்களை மாஸ்டர் கூட்டி வைத்து விளக்கம். கொழும்பிலிருந்து வருகிற பெரியவர் எல்லாக் கடினமானவற்றையும் கேட்டு முடித்துக் கடைசியில் முதல் கட்டாவைக் கேட்பாராம். வெள்ளை பெல்ட் செய்கிறதைக் கறுப்பு பெல்ட் எப்படிச் செய்யும் என்று பார்ப்பதற்கு. மற்றவர்கள் பயந்தார்கள். எனக்கு அதில் மட்டும் பயமில்லை. கிழமைக்கு இரண்டு நாள் அதைத்தானே செய்து காட்டுகிறேன்.

பிள்ளைகளின் மஞ்சள் பெல்ட் கிரேடிங்கும் அதே நாள், காலையில். வீட்டில் தலை முழுகி வாருங்கள், நகம் வெட்டுங்கள், சாப்பிடாமல் வராதீர்கள் என்று சொன்னேன். என் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது.


ஓகஸ்ட் 30, சனி

எழுதுகிறேன். உடுப்புக்கூட மாற்றவில்லை. 

காலை யாழ்ப்பாணத்தில். பிள்ளைகள் எல்லோரும் பாஸ். எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள். அபிசாவின் சத்தத்துக்குப் பெரியவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரோடு நின்று மூச்சு விடாமல் பார்த்தேன். அந்த நேரத்திலேயே என் பரீட்சை முடிந்துவிட்ட மாதிரி ஒரு களைப்பு.

மத்தியானம் எங்கள் முறை. அடிப்படை, நல்லாகப் போனது. சண்டை, ஒரு அடி வாங்கினேன், இரண்டு கொடுத்தேன். பெரிய கட்டா, பிழையில்லை. பெரியவர் தலையாட்டினார். கடைசியில் முதல் கட்டா.

அச்சுவேலிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். மேசைக்குப் பக்கத்தில், எனக்கு நேரே முன்னால், சப்பாணி கட்டி நிலத்தில் இருந்தார்கள். குனிந்து வணக்கம் சொன்னேன். நிமிர, எல்லா முகமும் என்னைப் பார்த்தபடி. பிறகு திரும்பினேன்.

வலப்பக்கம்.

திரும்பிய பிறகுதான் தெரிந்தது.  நின்றிருக்கலாம். நிற்கவில்லை. உடம்பு தன்பாட்டுக்குப் போனது. தடுப்பு மறு கை, குத்து மறு கை, திருப்பம் மறு பக்கம். கண்ணாடிக் கட்டா முழுவதையும் ஒரு பிழை இல்லாமல் செய்து முடித்தேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு வடிவாக ஒன்றையும் செய்ததில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்கு அது எப்போதும் நான் செய்கிறதுதானே. பிழை என்று அவர்களுக்குத் தெரியாது.

பெரியவர் ஆங்கிலத்தில் சொல்ல, மாஸ்டர் தமிழில் சொன்னார். இந்தப் பிள்ளைகளைப் படிப்பித்தது யார் என்று முதலில் கேட்டாராம். மாஸ்டர் என்னைக் காட்டியிருக்கிறார். பெரியவர் சிரித்திருக்கிறார். இது படிக்கிறவர் விடுகிற பிழை இல்லை, படிப்பிக்கிறவர் விடுகிற பிழை, ஆனால் இன்று இவர் படிக்கிறவராக வந்து நிற்கிறார். ஆகவே கறுப்பு பெல்ட் இல்லை. அடுத்த வருடம் வரட்டும் என்றாராம்.

மாஸ்டர் என்னோடு ஸ்கூட்டி நிற்கிற இடம் வரைக்கும் நடந்தார். சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். நெல்லியடிப் பெண் பிள்ளைகளின் வகுப்பையும் அடுத்த மாதத்திலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டார். நான் பெயில் மாஸ்டர் என்றேன். அது தனக்குத் தெரியும், கேட்டது வகுப்பைப் பற்றி என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் பக்கம் திரும்பினேன், எல்லாம். அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார். பிறகு கேட்ட கேள்விதான் இன்னும் போகவில்லை.

"வேணுமெண்டு செய்தனியோ?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. தெரியாது அம்மா என்றேன்.


ஓகஸ்ட் 31, ஞாயிறு

வெயில். வகுப்பு இல்லை, பிள்ளைகளுக்கு லீவு கொடுத்தாயிற்று. உடம்பு முழுக்க நோவு. இடுப்பில் ஒரு இடம் நீலம்.

காலையில் வளவில் தனியாக முதல் கட்டா. முன்னால் யாரும் இல்லை. சரியாக இடப்பக்கம் திரும்பியது. மறுபடி. மறுபடியும் இடம். அப்ப நேற்று என்ன வந்தது? முகங்களைக் கண்டால் உடம்பு ரீச்சர் ஆகிவிடுகிறதா? அல்லது பெல்ட் வேண்டாம் என்று உள்ளே ஒருத்தி முடிவெடுத்துவிட்டாளா, எனக்குச் சொல்லாமல்? பழக்கம் என்றால் மன்னிக்கலாம். மற்றது என்றால் எட்டு வருடத்தை நானே தூக்கி எறிந்திருக்கிறேன். எது என்று யாரிடம் கேட்பது?

வெட்கமாக இருக்கிறது. சந்தோசமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன், இருக்கிறது.

அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் செய்கிறதைப் பார்த்தவர் இல்லை. விரல் முறிந்த பிறகு உடுப்பைக்கூட முகம் திருப்பிக்கொண்டுதான் தோய்ப்பார். கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு நேரே முன்னால் போட்டு இருந்தார்.

"ஆள் முன்னாலை இருந்தால்தானே பிழைக்குது. இப்ப செய், பாப்பம். முதல் எந்தப் பக்கம்?"

"இடம்."

"ஆற்றை இடம்? உன்ரையோ, என்ரையோ?"

குனிந்து வணக்கம் சொன்னேன். நிமிர அம்மாவின் முகம். கால் அசையவில்லை. எந்தப் பக்கம் போனாலும் அது ஒரு பதிலாகப் போய்விடும் போல இருந்தது. போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அம்மா, கறுப்பு கிடைச்சாலும் நான் விடமாட்டன்."

எழும்பிப் போவார் என்று நினைத்தேன். கதிரையை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, எனக்குக் கால் வைக்க இடம் விட்டுவிட்டு, அதிலேயே இருந்தார்.

"சரி, செய்" என்றார்.